பள்ளிகளில் பேச்சுக் கவிதை

பள்ளிகளில் பேச்சுக் கவிதை என்பது, மாணவர் தாமே எழுதிய கவிதையை அவையோர் முன் தமது குரலாலும் உடல்மொழியாலும் நிகழ்த்தக் கற்பிக்கும் கல்வி முறை ஆகும். ஆங்கிலத்தில் 'ஸ்போக்கன் வேர்ட்' என அழைக்கப்படும் இக்கவிதை வடிவம் 1990களில் இருந்து ஐக்கிய அமெரிக்காவின் பெருநகரப் பள்ளிகளில் பரவியது. இனப் பாகுபாடு, வறுமை, காவல்துறை வன்முறை, குடியேற்றம், பால்நிலைச் சமத்துவம் முதலிய சமூக நீதிச் சிக்கல்களை மாணவர் தமது பட்டறிவில் இருந்து ஆராய்வதற்கு இம்முறை பயன்படுத்தப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் இக்கல்வி முறையின் தோற்றம், கற்பிக்கும் விதம், அது எதிர்கொள்ளும் விமரிசனங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

பெயரும் வரையறையும்

அச்சில் படிக்கப்படுவதற்காக அன்றி, கேட்கப்படுவதற்காக எழுதப்படும் கவிதையே பேச்சுக் கவிதை. இதில் சொல்லின் பொருளோடு ஓசை, வேகம், இடைநிறுத்தம், குரலின் ஏற்ற இறக்கம், கை அசைவு ஆகியனவும் கவிதையின் உறுப்புகளாகக் கொள்ளப்படுகின்றன. பெரும்பாலும் தன்மை ஒருமையில், அதாவது 'நான்' எனத் தொடங்கும் குரலில் இது அமைகின்றது.

பேச்சுக் கவிதையையும் கவிதை ஒப்புவித்தலையும் ஒன்றாகக் கருதக் கூடாது. ஒப்புவித்தலில் மாணவர் பிறர் எழுதிய கவிதையை மனனம் செய்து சொல்கின்றார். 2006 முதல் நடைபெறும் 'பொயட்ரி அவுட் லவுட்' எனும் தேசிய அளவிலான பள்ளிப் போட்டி அவ்வகையைச் சேர்ந்தது. பேச்சுக் கவிதையில் எழுதியவரும் நிகழ்த்துபவரும் ஒருவரே. தமிழில் கவியரங்கம் இதற்கு நெருங்கிய வடிவமாகத் தோன்றினாலும், கவியரங்கத்தில் தலைப்பும் தலைமையும் முன்னரே வகுக்கப்படுகின்றன. பேச்சுக் கவிதையில் பொருளைத் தெரிவு செய்வதே மாணவரின் முதல் வேலை ஆகும்.

'ஸ்லாம்' என்பது பேச்சுக் கவிதையின் போட்டி வடிவம். எல்லா ஸ்லாம் கவிதைகளும் பேச்சுக் கவிதைகளே. ஆனால் எல்லாப் பேச்சுக் கவிதைகளும் போட்டிக்காக எழுதப்படுவன அல்ல.

வரலாறு

விடுதலைப் பள்ளிகள்

கவிதையைச் சமூக நீதிக் கல்வியின் கருவியாகப் பயன்படுத்தும் வழக்கம் ஸ்லாம் போட்டிகளுக்கு முற்பட்டது. 1964 ஆம் ஆண்டு கோடையில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான போராட்டத்தின் ஒரு பகுதியாக மிசிசிப்பி மாநிலத்தில் 40க்கும் மேற்பட்ட 'விடுதலைப் பள்ளிகள்' நடத்தப்பட்டன. தேவாலயங்களிலும் வீடுகளிலும் மரநிழலிலும் கூடிய இப்பள்ளிகளில் வரலாறும் குடியியலும் கற்பிக்கப்பட்டதோடு, மாணவர் கவிதைகளும் எழுதினர். அக்கவிதைகளின் தொகுப்பு ஒன்று 1965 இல் வெளியிடப்பட்டது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அதற்கு முன்னுரை எழுதினார். வாக்களிக்கும் வயதை எட்டாத பிள்ளைகள், வாக்குரிமை மறுக்கப்பட்ட தம் பெற்றோரின் நிலையைப் பற்றித் தாமே சாட்சி சொல்ல முடியும் என்பதை அப்பள்ளிகள் காட்டின.

கருப்புக் கலை இயக்கமும் நகரப் பட்டறைகளும்

1965 இல் கவிஞர் அமிரி பராக்கா நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தொடங்கிய நாடக அரங்கும் பள்ளியும் கருப்புக் கலை இயக்கத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன. 1968 இல் அதே பகுதியில் உருவான 'தி லாஸ்ட் பொயட்ஸ்' குழு, முரசொலியோடு அரசியல் கவிதைகளை நிகழ்த்தியது. 1973 இல் மிகேல் அல்கரினும் அவரது நண்பர்களும் தொடங்கிய 'நியூயோரிக்கன் பொயட்ஸ் கஃபே', புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த கவிஞர்களின் மேடையாக விளங்கியது.

இதே காலத்தில் கவிஞர்கள் வகுப்பறைகளுக்குள் செல்லத் தொடங்கினர். 1967 இல் நியூயார்க்கில் 'டீச்சர்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் கொலாபரேட்டிவ்' எனும் அமைப்பு உருவானது. அதன் வழியாகக் கவிஞர் ஜூன் ஜோர்டன், கறுப்பின மற்றும் புவேர்ட்டோ ரிக்கோ சிறாருக்கான எழுத்துப் பட்டறையை நடத்தினார். அச்சிறாரின் எழுத்துகளை அவரும் டெரி புஷ் என்பவரும் தொகுத்து 1970 இல் நூலாக வெளியிட்டனர். 1991 இல் ஜோர்டன் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 'மக்களுக்கான கவிதை' எனும் பாடத்திட்டத்தைத் தொடங்கினார். இதில் பயிற்சி பெற்ற பல்கலைக்கழக மாணவர்கள் பள்ளிகளுக்கும் சமூக நிலையங்களுக்கும் சென்று கவிதை கற்பித்தனர்.

ஸ்லாமும் இளையோர் அமைப்புகளும்

ஸ்லாம் போட்டியை உருவாக்கியவர் சிகாகோவைச் சேர்ந்த மார்க் ஸ்மித். கட்டுமானத் தொழிலாளியாக இருந்த இவர், 1986 இல் 'கிரீன் மில்' எனும் மதுச்சாலையில் வாராந்திரக் கவிதைப் போட்டியைத் தொடங்கினார். கவிதை வாசிப்புகள் கவிஞர்கள் கவிஞர்களுக்கே நிகழ்த்துவனவாகச் சுருங்கிவிட்டன என்பது அவரது குறை. எனவே தீர்ப்பளிக்கும் உரிமையைப் பொதுமக்களான அவையோரிடம் ஒப்படைத்தார். முதல் தேசிய ஸ்லாம் 1990 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்றது.

1990களின் பிற்பகுதியில் இவ்வடிவம் இளையோரைச் சென்றடைந்தது. பின்வரும் நிகழ்வுகள் குறிப்பிடத்தக்கவை:

- 1996: சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் காஸ் 'யூத் ஸ்பீக்ஸ்' அமைப்பைத் தொடங்கினார்.
- 1998: தேசிய இளையோர் ஸ்லாம் விழாவான 'பிரேவ் நியூ வாய்சஸ்' தொடங்கியது.
- 1999: சிகாகோவை அடுத்த ஓக் பார்க் ரிவர் ஃபாரஸ்ட் உயர்நிலைப் பள்ளியில், முன்னர் சமூகப் பணியாளராக இருந்த ஆங்கில ஆசிரியர் பீட்டர் கான் பேச்சுக் கவிதைக் கழகத்தைத் தொடங்கினார். இவர் பின்னர் இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியோடு இணைந்து, பள்ளிகளுக்கான பேச்சுக் கவிதை ஆசிரியர்களை உருவாக்கும் திட்டத்தையும் தொடங்கினார்.
- 2001: சிகாகோவில் பள்ளி அணிகள் மோதும் 'லவுடர் தான் எ பாம்' விழா தொடங்கியது. 2008 ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஆயத்தமான நான்கு பள்ளி அணிகளைப் பற்றி அதே பெயரில் ஆவணப்படம் ஒன்று 2010 இல் வெளிவந்தது.
- 2017: தேசிய இளையோர் அரசவைக் கவிஞர் எனும் பட்டம் முதன்முதலாக அமண்டா கோர்மனுக்கு வழங்கப்பட்டது.

கல்விக் கோட்பாடு

இக்கல்வி முறையில் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெயிரேயின் தாக்கம் பெரிது. அவரது 'ஒடுக்கப்பட்டோரின் கல்வி முறை' எனும் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1970 இல் வெளியானது. ஆசிரியர் பணம் செலுத்துபவர், மாணவர் அதனை வாங்கி வைக்கும் வங்கிக் கணக்கு என்பது போன்ற கல்வியை அவர் கடுமையாக எதிர்த்தார். மாணவர் வாழ்க்கையில் இருந்து சொற்களைத் திரட்டி, அவற்றின் வழியாக உலகைப் படிக்கக் கற்பிப்பதே அவரது முறை.

பேச்சுக் கவிதை வகுப்பில் இக்கருத்து எளிய வடிவம் பெறுகின்றது. மாணவரின் தெரு, வீடு, பேருந்துப் பயணம், பாட்டியின் சமையல் ஆகியனவே பாடப்பொருள். ஆனால் தன் கதையைச் சொல்வதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒருவரின் துன்பம் தனிப்பட்ட தோல்வியா, அல்லது பலரையும் பாதிக்கும் ஓர் ஏற்பாட்டின் விளைவா என்று கேட்கும்போதே அது சமூக நீதிக் கல்வி ஆகின்றது.

மொழி உரிமை

எந்த மொழிநடையில் எழுதுவது என்பது இவ்வகுப்பின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. ஆப்பிரிக்க அமெரிக்கரின் பேச்சு வழக்கு, தனக்கென இலக்கணம் உடைய ஆங்கில வழக்கு என மொழியியலாளர் கருதுகின்றனர். எனினும் பள்ளிகளில் அது பிழையான ஆங்கிலமாகத் திருத்தப்பட்டு வந்துள்ளது. 1974 இல் கல்லூரி எழுத்துக் கல்வி ஆசிரியர்களின் தேசிய மாநாட்டு அமைப்பு, மாணவருக்குத் தமது சொந்த வழக்கின் மீது உரிமை உண்டு எனத் தீர்மானம் நிறைவேற்றியது. 1996 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரக் கல்வி வாரியம் இவ்வழக்கை ஏற்று நிறைவேற்றிய தீர்மானம் நாடு முழுவதும் பெரும் சர்ச்சையை எழுப்பியது.

இதில் உள்ள இக்கட்டை ஜூன் ஜோர்டன் 1985 இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று நன்கு காட்டுகின்றது. அவர் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் கறுப்பின ஆங்கிலம் பற்றிய வகுப்பை நடத்திக்கொண்டிருந்தபோது, மாணவர் ஒருவரின் சகோதரர் புரூக்ளினில் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். வகுப்பினர் காவல்துறைக்கும் செய்தித்தாள்களுக்கும் எழுத முடிவு செய்தனர். பொது ஆங்கிலத்தில் எழுதினால் அச்சேற வாய்ப்பு உண்டு. தம் வழக்கில் எழுதினால், இறந்தவரின் மொழிக்கும் தமக்கும் உண்மையாக இருக்கலாம். நீண்ட விவாதத்தின் பின் அவர்கள் தம் வழக்கையே தெரிவு செய்தனர். அந்த எழுத்தைச் செய்தித்தாள்கள் வெளியிடவில்லை. தன் குரலில் பேசுவதற்கு ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலையைத் தருவதா வேண்டாமா என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும் என்பதையும் இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

கற்பிக்கும் முறை

அமைப்புக்கு அமைப்பு வேறுபாடுகள் இருப்பினும், பொதுவாகப் பின்வரும் படிகள் காணப்படுகின்றன.

1. உடன்பாடு. பிறர் கவிதையை ஏளனம் செய்யாமை, அறையில் கேட்டதை வெளியில் பரப்பாமை, விரும்பாதவர் படிக்காமல் இருக்கும் உரிமை ஆகியவற்றை வகுப்பு முதலில் ஏற்கின்றது.

2. முன்மாதிரி. ஒரு கவிதை ஒலியாகவோ காணொளியாகவோ கேட்கப்படுகின்றது. கவிஞர் என்ன சொன்னார் என்பதோடு, எந்த இடத்தில் நிறுத்தினார், எங்கே குரலைத் தாழ்த்தினார் என்பனவும் பேசப்படுகின்றன.

3. தூண்டுகோல். 'நான் வந்த இடம்', 'என் பெயரின் கதை', 'நான் சொல்லாமல் விட்டது' போன்ற தலைப்புகளில் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் நிறுத்தாமல் எழுதுகின்றனர். இக்கட்டத்தில் எழுத்துப்பிழை பார்க்கப்படுவதில்லை.

4. வட்ட வாசிப்பு. ஒவ்வொருவரும் படிக்க மற்றவர் கேட்கின்றனர்.

5. திருத்தம். பொதுச் சொற்கள் நீக்கப்பட்டுக் காட்சிகள் சேர்க்கப்படுகின்றன. ஒரு மாணவர் முதல் வரைவில் "வறுமை கொடியது" என்று எழுதினார் எனக் கொள்வோம். எந்த நாளில், எந்த அறையில் அதனை அறிந்தாய் என்று ஆசிரியர் கேட்கின்றார். இரண்டாம் வரைவில், மின்சாரம் துண்டிக்கப்பட்ட இரவில் தங்கையின் வீட்டுப்பாடத்துக்காகக் குளிர்பதனப் பெட்டியைக் காலிசெய்து துடைத்த அம்மா வருகின்றார். முதல் வரியை எவரும் எழுதலாம். இரண்டாவதை அவர் மட்டுமே எழுத முடியும்.

6. நிகழ்த்துதல். மூச்சு, நிற்கும் விதம், ஒலிவாங்கியைப் பயன்படுத்தல், மனனம் ஆகியன பயிலப்படுகின்றன.

இவற்றுள் நான்காம் படியே சமூக நீதிக் கல்விக்கு மிக முக்கியமானது. ஒரெகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்த லிண்டா கிறிஸ்டென்சன், 2000 இல் வெளியான தமது நூலில் இதனை விரிவாக விளக்குகின்றார். வட்டமாக அமர்ந்து படிக்கும்போது, கேட்பவர் ஒவ்வொருவரும் குறிப்பு எடுக்கின்றனர். இறுதியில் எல்லாக் கவிதைகளிலும் திரும்பத் திரும்ப வந்தது எது என்று வகுப்பு சேர்ந்து ஆராய்ந்து எழுதுகின்றது. பன்னிரண்டு மாணவர் தனித்தனியே கடையில் தம்மைப் பின்தொடர்ந்த காவலரைப் பற்றி எழுதியிருந்தால், அது பன்னிரண்டு தற்செயல்கள் அல்ல என்பதை அவர்களே கண்டுகொள்வர். அவ்விடத்தில் இருந்து வரலாறு, சட்டம், புள்ளிவிவரம் ஆகியவற்றைத் தேடிச் செல்ல வகுப்புக்குக் காரணம் கிடைக்கின்றது.

போட்டி விதிகள்

வழக்கமான ஸ்லாமில் அவையோரில் இருந்து தெரிவு செய்யப்பட்ட ஐவர் நடுவராக இருப்பர். ஒவ்வொருவரும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவர். அவற்றுள் மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் நீக்கப்பட்டு, எஞ்சிய மூன்றும் கூட்டப்படும். எனவே ஒரு கவிதைக்கான உச்ச மதிப்பெண் 30 ஆகும். நேர வரம்பு 3 நிமிடம்; 10 வினாடி சலுகைக்குப் பின் மதிப்பெண் குறைக்கப்படும். இசைக்கருவி, வேடம், பொருட்கள் ஆகியவற்றுக்கு இடமில்லை. சிகாகோ விழாவில் ஒவ்வொரு பள்ளி அணியும் நான்கு தனிக் கவிதைகளையும் ஒரு குழுக் கவிதையையும் நிகழ்த்தியது. பலர் ஒரே கவிதையைச் சேர்ந்து எழுதிச் சேர்ந்து சொல்லும் குழுக் கவிதை, மாணவரிடையே கூட்டுழைப்பை வளர்த்தது.

எடுத்துக்காட்டுகள்

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இயங்கிய 'பவர் ரைட்டர்ஸ்' வகுப்பை ஆய்வு செய்து, கல்வியாளர் மைஷா ஃபிஷர் 2007 இல் நூலொன்றை வெளியிட்டார். பள்ளிக்குள் அமைந்த கவிதை வட்டம், மாணவரின் எழுத்தறிவோடு எவ்வாறு இணைகின்றது என்பதை அந்நூல் ஆராய்கின்றது.

பேச்சுக் கவிதை வகுப்பறைக்கு வெளியே பொதுநலப் பணிக்குப் பயன்பட்டமைக்கு 'தி பிக்கர் பிக்சர்' இயக்கம் ஓர் எடுத்துக்காட்டு. யூத் ஸ்பீக்ஸ் அமைப்பும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவ வளாகமும் இணைந்து 2011 இல் இதனைத் தொடங்கின. இளங்கவிஞர்கள் இரண்டாம் வகை நீரிழிவு நோய் குறித்துக் குறும்படக் கவிதைகளை உருவாக்கினர். 'இனிப்பைக் குறை' என்று அறிவுரை கூறுவதற்கு மாறாக, சர்க்கரைப் பானங்களின் விளம்பரம், ஏழைப் பகுதிகளில் நல்ல உணவு கிடைக்காமை, நடக்கப் பாதுகாப்பற்ற தெருக்கள் ஆகியவற்றை அக்கவிதைகள் கேள்விக்கு உட்படுத்தின. நோயை ஒருவரின் குற்றமாகப் பார்ப்பதில் இருந்து, அதன் சமூகக் காரணங்களுக்குக் கேட்பவரின் கவனம் திருப்பப்பட்டது.

பேச்சில் தடை உடையவராக வளர்ந்த அமண்டா கோர்மன், 2014 இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இளையோர் அரசவைக் கவிஞரானார். 2021 ஜனவரி 20 அன்று குடியரசுத் தலைவர் ஜோ பைடனின் பதவியேற்பு விழாவில் தமது 22 ஆம் வயதில் கவிதை நிகழ்த்தினார். மேரிலாந்து மாநிலத்தில் எட்டாம் வகுப்பு ஆசிரியராகப் பணியாற்றிய எலிசபெத் அசெவேடோவின் 'தி பொயட் எக்ஸ்' எனும் செய்யுள் புதினம், ஹார்லெம் பள்ளி மாணவி ஒருவர் பேச்சுக் கவிதையைக் கண்டடைவதைக் கூறுகின்றது. இந்நூல் 2018 இல் இளையோர் இலக்கியத்துக்கான தேசிய நூல் விருதைப் பெற்றது.

விமரிசனங்களும் சிக்கல்களும்

துயருக்கு மதிப்பெண்

ஸ்லாம் மேடையில் கடுந்துயரைக் கூறும் கவிதைகளே அதிக மதிப்பெண் பெறுகின்றன என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு. இதனால் ஆறாத காயங்களை மேடைக்காகத் திறக்க மாணவர் தூண்டப்படலாம். தம் வாழ்வில் நகைச்சுவையும் அன்பும் இருந்தும், வன்முறையை மட்டுமே எழுத வேண்டும் என்று ஏழை மாணவர் உணரலாம். தாயின் மரணத்தைப் பற்றிய கவிதைக்கு 7.8 என்று அட்டை உயர்த்தப்படும்போது ஏற்படும் பாதிப்பையும் ஆசிரியர் கருதவேண்டும். மதிப்பெண் ஒரு விளையாட்டு மட்டுமே, கவிதையே முதன்மையானது என்று விழா நடத்துநர் மேடையில் நினைவூட்டுவது வழக்கம். சில ஆசிரியர்கள் வகுப்பில் போட்டியை முற்றிலும் தவிர்க்கின்றனர்.

இரகசியமும் சட்டமும்

ஐக்கிய அமெரிக்காவில் சிறார் கொடுமை குறித்து ஐயம் எழுந்தால் ஆசிரியர் அதனை அரசுக்கு அறிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். ஆகவே கவிதையில் வெளிப்படும் செய்தியை இரகசியமாக வைப்பதாக அவர் உறுதியளிக்க இயலாது. இதனை எழுதத் தொடங்கும் முன்னரே மாணவருக்குத் தெரிவிப்பது நேர்மையான நடைமுறை. நம்பி எழுதிய பின் அறிந்துகொள்ளும் மாணவர், அதனை நம்பிக்கைத் துரோகமாகவே உணர்வர். தேவைப்படும்போது பள்ளி ஆலோசகரின் துணையும் கிடைக்கவேண்டும்.

தணிக்கையும் தண்டனையும்

மாணவர் மாணவராக இருப்பதால் பேச்சுரிமையை இழப்பதில்லை என 1969 இல் உச்ச நீதிமன்றம் டின்கர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும் பள்ளியின் பெயரால் வெளியாகும் மாணவர் வெளியீட்டைக் கட்டுப்படுத்தப் பள்ளிக்கு அதிகாரம் உண்டு என 1988 இல் ஹேசல்வுட் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. பள்ளி மேடையில் நிகழும் கவிதை இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையில் நிற்கின்றது.

2001 இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் 15 வயது மாணவர் ஒருவர் தம் இருண்ட மனநிலை பற்றிய கவிதையை உடன்பயில்வோரிடம் காட்டினார். அது மிரட்டல் எனக் கருதப்பட்டு அவருக்குச் சிறார் நீதிமன்றத்தில் தண்டனை விதிக்கப்பட்டது. 2004 இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒருமனதாக நீக்கியது. 2023 இல் புளோரிடாவின் பள்ளி ஒன்றில், பெற்றோர் ஒருவரின் முறையீட்டை அடுத்து, கோர்மனின் பதவியேற்பு விழாக் கவிதை நூல் தொடக்க வகுப்பு மாணவருக்குக் கிடைக்காதவாறு கட்டுப்படுத்தப்பட்டது.

ஒரே அச்சு

வேகமாகத் தொடங்கி, இடையில் குரல் உடைந்து, இறுதியில் தாழும் ஒரே பாணியை மாணவர் பின்பற்றுகின்றனர் என்பது மற்றொரு குறை. ஆசிரியரின் அரசியலை மாணவர் எதிரொலிக்கும் இடரும் உண்டு. நியாயம் எனத் தோன்றும் முழக்கத்தைச் சொன்னால் பாராட்டுக் கிடைக்கும் என்று அறிந்த மாணவர், தாம் உண்மையில் எண்ணுவதை மறைக்கக்கூடும். வகுப்பின் பொதுக் கருத்துக்கு மாறான கவிதைக்கும் அதே கவனமான செவி கிடைப்பதே இம்முறையின் நேர்மைக்குச் சோதனை ஆகும்.

மதிப்பீடு

2002 இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம் 3 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் வாசிப்பு, கணிதத் தேர்வுகளைக் கட்டாயமாக்கியது. தேர்வு நெருக்கடியால், கவிதைக்கான நேரம் பல பள்ளிகளில் வகுப்பு முடிந்த பின்னான கழகங்களுக்கு ஒதுங்கியது. 2010 இல் வெளியான பொதுக் கல்வித் தரங்கள் பேசுதலையும் கேட்டலையும் தனிப் பிரிவாகச் சேர்த்தன. பேச்சுக் கவிதையைப் பாடவேளைக்குள் கொண்டுவர ஆசிரியர்கள் இதனைச் சான்றாகக் காட்டுகின்றனர்.

மாணவரின் வாழ்க்கைக்கு அன்றி, வேலைக்கு மதிப்பெண் இடுவதே பரிந்துரைக்கப்படும் வழி. வரைவுகளின் எண்ணிக்கை, திருத்தத்தில் காட்டிய முன்னேற்றம், சொல் தெரிவுக்குக் கூறும் காரணம், பிறர் கவிதைக்குத் தந்த மறுமொழி ஆகியன கணக்கில் கொள்ளப்படுகின்றன. இவற்றுள் இறுதியானதைப் பல ஆசிரியர்கள் மறந்துவிடுகின்றனர். பேசுபவர் ஒருவர் எனில் கேட்பவர் முப்பதின்மர். ஆகையால் இவ்வகுப்பில் மாணவர் மிகுதியாகப் பயில்வது கேட்டலையே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஸ்லாம் கவிதை
- பாவுலோ பிரெயிரே
- கருப்புக் கலை இயக்கம்
- ஜூன் ஜோர்டன்
- விடுதலைப் பள்ளிகள்
- கவியரங்கம்